வறட்சியில் வந்த சுரம்

மலேரியாச் சுரத்தை நுளம்பு உண்டாக்குவதில்லை, சுமந்து திரிகின்றது. நோயாளியின் குருதியோடு பெண் அனோபிலிசு நுளம்பின் வயிற்றுட் புகும் ஒட்டுண்ணி, அங்கே பெருகிச் சில நாள்களின் பின் அதன் உமிழ்நீரை அடைகின்றது. பின்னர் அது கடிப்பவரின் உடலுட் சேர்கின்றது.

மழை மிகுந்தால் நுளம்பு மிகும் என்பர். 1934இல் இலங்கையில் நிகழ்ந்ததோ வேறு. மழை பொய்த்தது, ஆறுகள் வற்றி ஆங்காங்கே குட்டைகளாயின. வெயில் படும் அத்தெளிந்த நீரே இந்நுளம்புக்கு உகந்த பிறப்பிடம். அடுத்த ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர்.

1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே இச்சுரம் கண்டது. நோய் தொலைந்ததென்று மருந்து தெளிப்பதை நிறுத்தினர். 1968இல் அது பெருகி மீண்டது. 2016இலேதான் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. நுளம்போ ஒழியவில்லை. வெளிநாடு சென்று மீண்டவருக்குச் சுரம் கண்டால் குருதியைச் சோதிப்பது அதனாலேயே.