கை நடுங்கலை, கண்ணும் சரி... குண்டு மட்டும் ஏன் இடப்பக்கம் போகுது? ஏர் ரைஃபிள் ‘ஃப்ரன்ட் சைட்’ ரகசியம்

டி-ஷர்ட்டை ரெண்டு தடவை துவைச்ச பிறகு, பக்கவாட்டுத் தையல் மெல்ல வயிற்றுப் பக்கம் திரும்பி வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? திருப்பூரில் எந்த கட்டிங் மாஸ்டரைக் கேட்டாலும் உடனே காரணம் சொல்வார்: “நூல் முறுக்கு சார். துணியிலயே திருகல் இருக்கு. அயர்ன் பண்ணி நேராக்கலாம், ஆனா அடுத்த வாஷ்ல மறுபடியும் திரும்பிடும்.”

துப்பாக்கி சுடும் விளையாட்டிலும் இதே கதை நடக்கிறது. அங்கே திருகிக்கொள்வது துணி அல்ல. பேரலின் முனையில் கிளாம்ப் போட்டு மாட்டியிருக்கும் ‘ஃப்ரன்ட் சைட்’. வாரம் முழுக்க ஷிப்மென்ட் டென்ஷன், ஞாயிற்றுக்கிழமை ஷூட்டிங் ரேஞ்ச் என்று போகும் ஒருவர், குண்டு தொடர்ந்து ஒரே பக்கம் விலகினால் “நமக்கு இது வராதுபோல” என்று முடிவு கட்டிவிடுவார். தப்பு அவர் கையில் இல்லாமலும் இருக்கலாம்.

அரை மில்லிமீட்டர் புள்ளி

10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் இலக்கின் நடுவே இருக்கும் ‘10’ என்பது வெறும் 0.5 மி.மீ. விட்டமுள்ள புள்ளி. சுடும் பெல்லட்டின் விட்டமே 4.5 மி.மீ. நடுவிலிருந்து ஒவ்வொரு 0.25 மி.மீ. விலகலுக்கும் 0.1 புள்ளி குறையும். டெலஸ்கோப் கிடையாது. கண்ணுக்கு அருகே ஊசித்துளை மாதிரி ஒரு ‘ரியர் சைட்’, பேரல் முனையில் சின்னக் குழாய்க்குள் ஒரு வளையம். அந்த வளையத்துக்குள் கறுப்பு இலக்கை நடுவில் உட்கார வைக்க வேண்டும். அவ்வளவுதான் கருவி.

இந்த 0.1 எவ்வளவு முக்கியம்? 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தகுதிச் சுற்றைப் பாருங்கள். 60 குண்டுகள் சுட்ட பிறகு ரமிதா 631.5 புள்ளிகளுடன் 5-வது இடம், ஃபைனலுக்குப் போனார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 630.7 புள்ளிகளுடன் 10-வது இடம். ஃபைனல் 8 பேருக்குத்தான். அறுபது குண்டுகளுக்கும் சேர்த்து இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் 0.8 புள்ளி!

ஒரு டிகிரி திரும்பினால்?

கொஞ்சம் கணக்குப் போடலாம். ஃப்ரன்ட் சைட்டுக்கும் ரியர் சைட்டுக்கும் நடுவே 80 செ.மீ. தூரம், ஃப்ரன்ட் சைட் பேரலின் மையத்திலிருந்து 4 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிளாம்ப் வெறும் ஒரு டிகிரி திரும்பினால், சைட் பக்கவாட்டில் 0.7 மி.மீ. நகரும். கண்ணுக்கே தெரியாது.

ஆனால் 10 மீட்டர் என்பது 80 சென்டிமீட்டரைப்போல பன்னிரண்டரை மடங்கு. எனவே இலக்கில் அந்த 0.7 மி.மீ., கிட்டத்தட்ட 8.7 மி.மீ. ஆகிவிடும். பத்துக்கு மேல் விழ வேண்டிய குண்டு ஏழரைக்குப் பக்கத்தில் போய் விழும்!

இன்னொரு விஷயம், திசை. ஃப்ரன்ட் சைட் வலப்பக்கம் சாய்ந்தால் குண்டு இடப்பக்கம் போகும். ஏன்னா, வலப்பக்கம் போன வளையத்தை இலக்குக்கு நேராகக் கொண்டுவர நீங்கள் பேரலை இடப்பக்கம் திருப்பித்தானே ஆகணும்? ரியர் சைட் இதற்கு நேர்மாறு. குண்டு எந்தப் பக்கம் போகணுமோ, அதே பக்கம் அதை நகர்த்த வேண்டும்.

ரியர் சைட்டைத் திருகினால் போதாதா?

போதும், தற்காலிகமாக. ரியர் சைட்டின் திருகைத் தேவையான அளவு ‘கிளிக்’ திருப்பினால் குண்டு நடுவுக்கு வந்துவிடும். ஆனால் அது அயர்ன் பண்ணி நேராக்கிய டி-ஷர்ட் மாதிரி. மூன்று சிக்கல்கள் வரும்.

ஒன்று, ரியர் சைட் நகர ஒரு எல்லை உண்டு. பாதியைத் தப்பை மறைக்கவே செலவு செய்துவிட்டால், தேவைப்படும்போது இடம் இருக்காது.

இரண்டு, கிளாம்ப் லூஸாகத் திரும்பியிருந்தால், அது மறுபடியும் திரும்பும். நீங்கள் போட்ட கணக்கு எல்லாம் வீண்.

மூன்று, சைட் சாய்ந்து தெரிந்தால் நம்மை அறியாமலே துப்பாக்கியைச் சாய்த்து அதை நேராக்கப் பார்ப்போம். பெல்லட் நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் போனாலும், 10 மீட்டரைக் கடப்பதற்குள் ஏறக்குறைய 17 மி.மீ. கீழே இறங்கும். துப்பாக்கி 5 டிகிரி சாய்ந்தால், அந்த இறக்கமே குண்டை 1.5 மி.மீ. பக்கவாட்டில் தள்ளிவிடும். அதாவது 0.6 புள்ளி. சாய்வு ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே மாதிரி இருந்தால் பிரச்னை இல்லை. ஒருமுறை சாய்ந்து, ஒருமுறை நிமிர்ந்தால்தான் வம்பு.

சரி, எப்படி நேராக்குவது?

ரேஞ்சில், கோச் முன்னிலையில் செய்ய வேண்டிய வேலை இது. முதலில் துப்பாக்கியில் பெல்லட் இல்லை என்பதை உறுதிசெய்து, சேஃப்டி ஃபிளாக்கைச் செருகுங்கள். பேரல் முனை பாதுகாப்பான திசையில் மட்டும் இருக்கட்டும்.

1. ரியர் சைட்டை ஒரு கோடி வரை திருப்பி, மறுகோடி வரை கிளிக்குகளை எண்ணுங்கள். அதில் பாதி திரும்பி வாருங்கள். அதுதான் நடு.

2. துப்பாக்கியை ஸ்டாண்டில் அசையாமல் வைத்து, மேல்பக்கத் தட்டையான பகுதியில் ரசமட்டம் வைத்து சமன் செய்யுங்கள்.

3. பேரலிலும் கிளாம்ப் உட்புறத்திலும் உள்ள எண்ணெயைத் துடையுங்கள். நம்மூர் பனியன் வேஸ்ட் இதற்குப் போதும். எண்ணெய் இருந்தால் எவ்வளவு முடுக்கினாலும் வழுக்கும்.

4. கிளாம்பை லேசாக மாட்டுங்கள். எதிரே 10 மீட்டர் தள்ளி கொத்தனார் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். வளையத்துக்குப் பதிலாக நேர்க்குச்சி போன்ற இன்சர்ட்டைப் போட்டு, ரியர் சைட் வழியாகப் பாருங்கள். குச்சியும் நூலும் ஒரே கோடாகத் தெரியும்வரை கிளாம்பைத் திருப்புங்கள்.

5. அலன் கீயால் முடுக்கும்போது ஒரே ஸ்க்ரூவை முழுசாக முடுக்காதீர்கள், கிளாம்ப் திரும்பிவிடும். இதில் கால் சுற்று, அதில் கால் சுற்று என்று மாற்றி மாற்றிப் போங்கள். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மேல் இறுக்கினால் பேரலுக்குத்தான் கேடு.

6. முடுக்கியதும் மீண்டும் நூலைப் பாருங்கள். சரியாக இருந்தால், கிளாம்ப் மேலும் பேரல் மேலும் சேர்த்து பென்சிலால் ஒரு சின்னக் கோடு. அடுத்த வாரம் அந்தக் கோடு விலகியிருந்தால், யார் தப்பு என்று தெரிந்துவிடும்.

பிறகு ஐந்து குண்டுகள் சுட்டு, அவற்றின் கூட்டத்தின் நடுவைப் பாருங்கள். ஒற்றைக் குண்டை வைத்துத் தீர்ப்பு வேண்டாம். மிச்சமிருக்கும் சிறு விலகலுக்கு மட்டும் ரியர் சைட். துப்பாக்கியை வேண்டுமென்றே சற்றுச் சாய்த்துப் பிடிக்கும் வீரர்களும் உண்டு. அவர்கள் பிடிக்கும் நிலையில் சைட் நேராகத் தெரியும்படி கோச் அமைத்துக் கொடுப்பார்.

பிந்த்ராவுக்கே நடந்தது

2008 ஆகஸ்ட் 11, பெய்ஜிங். ஒலிம்பிக் ஃபைனலுக்கு முந்தைய பயிற்சிச் சுடுதலில் அபினவ் பிந்த்ராவின் குண்டு நடுவை விட்டு வெகுவாக விலகிப் போனது. சைட் மாறியிருந்தது, யாரோ கை வைத்திருக்க வேண்டும் என்று சந்தேகித்ததாகத் தன் சுயசரிதையில் அவர் எழுதியிருக்கிறார். இருந்த சில நிமிடங்களில் சைட்டைத் திருத்தினார். கடைசிக் குண்டில் 10.8 சுட்டு, 700.5 புள்ளிகளுடன் இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார்.

அந்த நிமிடத்தில் அவர் தன் கையைச் சந்தேகப்பட்டிருந்தால்? முதலில் கருவியைப் பார்த்ததால்தான் தப்பித்தார்.

அடுத்த ஞாயிறு குண்டு ஒரே பக்கமாக விலகினால், நீங்களும் மனசு விட்டுப்போவதற்கு முன்னால் அந்தப் பென்சில் கோட்டை ஒருமுறை பாருங்கள்.