மரப்பட்டையும் கெண்டைக்காலும்

மாசி மகத்தன்று மலாக்கா, செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில் காவடி எடுப்பவர்களின் கால்களைப் பாருங்கள். தோளில் பாரம், அடியில் சுடும் தார். ஒவ்வோர் அடியிலும் உடம்பு முழுவதையும் உந்தி முன்னே தள்ளுவது கெண்டைக்கால்தான். மேலே இரட்டைத் தலை கொண்ட ஒரு தசை, அதற்கு அடியில் தட்டையாக இன்னொன்று. இரண்டும் திரண்டு ஒரே தசைநாராகிக் குதிகால் எலும்பில் முடிகின்றன. நாம் நடக்கும்போதெல்லாம் இந்தச் சதை சுருங்கி, காலில் தேங்கும் ரத்தத்தை நெஞ்சை நோக்கி ஏற்றுகிறது. அதனால் மருத்துவர்கள் இதை இரண்டாவது இதயம் என்கிறார்கள். முட்டிக்குக் கீழே இப்படி ஒன்றை வைக்கவேண்டும் என்று நினைத்தவனின் கருணையை என்னவென்று சொல்வது!

முட்டி நிமிர்ந்திருக்கும்போது திடீரென்று எம்பினாலோ, விரட்டி ஓடினாலோ இந்தச் சதை கிழியும். பெரும்பாலும் உட்பக்கத் தலை, தசைநாரோடு சேரும் இடத்தில். பின்னாலிருந்து யாரோ கல்லை விட்டெறிந்தது போலிருக்கும். திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். தோட்டத்துத் திடலில் நாற்பது வயதுக்கு மேல் பந்தாடுகிறவர்கள் பலருக்கு இது பழக்கமான வலி. உடனே எண்ணெய் தேய்த்து உருவிவிட வீட்டுப் பெரியவர்கள் வருவார்கள். அன்பால் செய்வதுதான், ஆனால் முதல் சில நாள்கள் வேண்டவே வேண்டாம். உள்ளே ரத்தக் கசிவு அடங்கி, ஒரு பெரிய வேலை தொடங்கியிருக்கும்.

அந்த வேலையை நினைத்தாலே எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது. கிழிந்த சில மணி நேரத்தில் வெள்ளணுக்கள் வந்து சேர்கின்றன. அடுத்து வரும் பெருவிழுங்கணுக்கள் சிதைந்த நாரை அப்புறப்படுத்துகின்றன. துப்புரவு முடிந்ததும் அவையே கட்டுமானத்துக்கும் துணை நிற்கின்றன. தசையிழை ஒவ்வொன்றின் உறைக்கு அடியிலும் சின்னஞ்சிறு அணுக்கள் உறங்கிக் கிடக்கின்றன. 1961-இல் அலெக்சாண்டர் மௌரோ தவளையின் தசையில், எலக்ட்ரான் நுண்ணோக்கியின் வழியாக இவற்றைக் கண்டார். கிழிசல் நேர்ந்ததும் இவை விழிக்கின்றன, பெருகுகின்றன, ஒன்றோடொன்று கலந்து புதுத் தசையாகின்றன. எல்லாமே கரைந்துவிடுவதில்லை. ஒரு பகுதி மறுபடி உறக்கத்துக்குத் திரும்பி, அடுத்த காயத்துக்கென்று காத்திருக்கிறது. சேமித்து வைக்கும் இந்தப் புத்தியை அணுவுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?

மலாக்காவில் வாழ்கிறவர்கள் இதே அருளை மரத்திலும் பார்த்திருக்கிறோம். 1896-இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டங்களில் அதுவும் ஒன்று. கன்று நடச் சொல்லி எல்லாரையும் வற்புறுத்திய சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்து ரிட்லி, பழைய வெட்டையே மெல்லச் சீவித் திறந்தால் பால் கூடுதலாக வடியும் என்று கண்டறிந்திருந்தார். பால் என்பது மரம் தன் காயத்தை அடைக்க வடிப்பது. வெட்டு வாயில் அது உறைந்து ஒட்டுப்பாலாகி, புண்ணை மூடிவிடும். உளி ஆழப் போகாமல், மரத்தை ஒட்டிய ஈரமான மெல்லிய வளர்படலம் தப்பிவிட்டால், சில ஆண்டுகளில் புதுப்பட்டை வந்துவிடும். அந்தப் படலத்தைக் காயப்படுத்தாமல் இருட்டோடு இருட்டாக வெட்டிப்போன நம் பாட்டிமார்களின் கை நுட்பம் இன்னும் யாரும் முறையாக எழுதிவைக்காத கல்வி.

1901-இல் ஜெர்மனியில் லியூக்கோபிளாஸ்ட் என்ற ஒட்டுப் பட்டை வந்தது. துணியில் பூசிய அதன் பசை இயற்கை ரப்பரும் துத்தநாக ஆக்சைடும் கலந்தது. மரம் தன் புண்ணுக்கு வடித்த பால், மனிதனின் புண்ணையும் தாங்க வந்துவிட்டது! இன்றும் விளையாட்டு வீரர்களின் காலில் சுற்றும் வெள்ளைப் பட்டை அந்த வழியில் வந்ததுதான்.

பட்டை எதையும் குணப்படுத்துவதில்லை. சதை அளவுக்கு மீறி இழுபடாமல் தடுக்கிறது, அவ்வளவே. மயிரை மழித்து, தோலைக் கழுவித் துடைத்து, பாதத்தைச் சற்றுக் கீழ்நோக்கி வைத்துக்கொண்டு, குதிகாலிலிருந்து இருபுறமும் ஏற்றிக் கெண்டையின்மேல் குறுக்காக ஒட்டவேண்டும். விரல்கள் வெளிறினாலோ மரத்துப்போனாலோ உடனே கழற்றிவிட வேண்டும். 1970-களில் ஜப்பானியர் கென்சோ காசே உருவாக்கிய, இழுபடும் வண்ணப் பட்டை சிலருக்கு இதமாக இருக்கிறது; அது விரைவில் ஆற்றும் என்பதற்கு ஆய்வுகள் வலுவான சான்று தரவில்லை.

ஓய்வுக்கும் ஓர் அளவுண்டு. முதல் சில நாள்கள் காலை உயர்த்தி வைத்து, பாரம் போடாமல் இருப்பது நல்லது. அதற்குப் பிறகும் படுத்தே கிடந்தால் சதை இளைத்துவிடும். வலி தராத சிறு அசைவுதான் புதிய நார்களை இழுவிசையின் திசையில் வரிசைப்படுத்துகிறது. லேசான கிழிசல் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். பெரியது மாதக்கணக்கில் இழுக்கும். கெண்டை சிவந்து, சூடேறி, வீக்கம் கூடிக்கொண்டே போனால் அது ரத்தம் உறைந்ததாலும் இருக்கலாம். குதிகாலை உயர்த்தவே முடியாவிட்டால் தசைநாரே அறுந்திருக்கலாம். இரண்டுக்கும் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்கவேண்டும். மற்றவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் மெல்ல உயர்த்திப் பழகட்டும். அடிபட்ட ஒற்றைக் காலிலேயே வலியில்லாமல் பலமுறை ஏறி இறங்க முடிந்த பிறகு, திடலுக்கும் போகலாம், காவடியும் எடுக்கலாம்.