60 லட்சம் சி.டி.சி... கையில் எவ்வளவு? சீனியர் ஐ.டி. வேலைக்குச் சம்பளம் பேசும் முன் தெரிய வேண்டியவை!

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைத் தாண்டி, சர்தார் படேல் சாலையில் திரும்பினால் மத்திய கைலாஷ். அங்கிருந்து ஓ.எம்.ஆர். ஆரம்பம். 2000-ல் டைடல் பார்க் திறந்த நாட்களில் ஃப்ரெஷராக இந்த ரூட்டில் பஸ் பிடித்தவர்கள் இன்று நாற்பதுகளில் இருக்கிறார்கள். ஆர்க்கிடெக்ட், இன்ஜினீயரிங் மேனேஜர், டைரக்டர் என்று பதவிப் பெயர் மாறிவிட்டது. ஆனால், சம்பளம் பேசும் விதம் மட்டும் பலருக்கு இன்னும் மாறவில்லை. "கரண்ட் சி.டி.சி. இவ்வளவு... 30 சதவிகிதம் ஹைக் கொடுத்தா போதும் சார்!"

ஃப்ரெஷரின் ஆஃபர் லெட்டரில் பெரும்பாலும் ஒரே வகைப் பணம்தான் இருக்கும். சீனியரின் லெட்டரில் நான்கு வகை இருக்கும்: உறுதியான சம்பளம், வந்தால் வரும் வேரியபிள், ஒருமுறை மட்டும் வரும் ஜாயினிங் போனஸ், எதிர்காலத்தில் மதிப்பு தெரியப்போகும் பங்குகள். நான்கையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்வதுதான் சி.டி.சி. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

36 சதவிகித ஹைக்... மாதம் 9,500 ரூபாய்!

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். கோட்டூர்புரத்தில் குடியிருக்கும் ஓர் இன்ஜினீயரிங் மேனேஜர். இப்போதைய சி.டி.சி. 44 லட்சம். அதில் உறுதியான சம்பளம் 40 லட்சம், வேரியபிள் 4 லட்சம். புதிய நிறுவனம் 60 லட்சம் தருவதாகச் சொல்கிறது. 36 சதவிகித உயர்வு! வீட்டில் பாயசம் வைக்க வேண்டிய செய்திதான்.

லெட்டரைப் பிரித்துப் பார்த்தால், உறுதியான சம்பளம் 42 லட்சம். வேரியபிள் 6 லட்சம். ஜாயினிங் போனஸ் 4 லட்சம். நான்கு ஆண்டுகளில் கிடைக்கும் 32 லட்ச ரூபாய் பங்குகளில் ஓராண்டுப் பங்காக 8 லட்சம். ஆக மொத்தம் 60.

இந்த 42 லட்சத்தில் பாதி, அதாவது 21 லட்சம் பேசிக் என்றும், முழு பேசிக்குக்கும் பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 2.52 லட்சம். கிராஜுவிட்டிக்காக ஒதுக்குவது சுமார் 1.01 லட்சம். இவை இரண்டும் சி.டி.சி-க்குள்ளேயே அடங்கும். ஊழியரின் பி.எஃப். பங்கு இன்னொரு 2.52 லட்சம். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி, 75,000 ரூபாய் நிலையான கழிவு போக, செஸ் சேர்த்து வரி சுமார் 7.4 லட்சம். எல்லாம் போக மாதம் கைக்கு வருவது ஏறக்குறைய 2.38 லட்சம் ரூபாய். 60 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து 5 லட்சம் என்று மனசுக்குள் கணக்கு போட்டவருக்கு இது அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

இதே முறையில் பழைய வேலைக்குக் கணக்கு போட்டால், கைக்கு வருவது சுமார் 2.28 லட்சம். ஆக, 36 சதவிகித ஹைக் என்று கொண்டாடிய மாற்றத்தில் மாதாமாதம் உறுதியாகக் கூடுவது சுமார் 9,500 ரூபாய். அதை நம்பி வீட்டுக் கடன் இ.எம்.ஐ-யை 50,000 ரூபாய் ஏற்றிக்கொண்டவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

இந்த ஆஃபர் மோசமானது என்று அர்த்தமில்லை. வேரியபிளும் பங்குகளும் நன்றாக அமைந்தால் லாபம்தான். ஆனால், எது உறுதி, எது வாய்ப்பு என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் பேச்சுவார்த்தைக்கே உட்கார வேண்டும்.

விட்டுவிட்டு வருவது எவ்வளவு?

புதிய இடத்தில் கிடைப்பதை மட்டும் பார்க்கிறோம். பழைய இடத்தில் விட்டுவருவதைப் பலர் எழுதிப் பார்ப்பதே இல்லை.

மேலே சொன்ன மேனேஜர் இப்போதைய நிறுவனத்தில் 4 ஆண்டு 3 மாதம் வேலை பார்த்திருக்கிறார் என்று வைப்போம். நிரந்தர ஊழியருக்குக் கிராஜுவிட்டி கிடைக்க 5 ஆண்டு சர்வீஸ் வேண்டும். கணக்கு இதுதான்: கடைசி மாத பேசிக்கை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 20 லட்சம் பேசிக் என்றால் 5 ஆண்டுக்குச் சுமார் 4.8 லட்சம் ரூபாய். இப்போது கிளம்பினால் அது போச்சு. கிட்டத்தட்ட புதிய நிறுவனம் தரும் ஜாயினிங் போனஸை விடவே அதிகம்!

இன்னும் கைக்கு வராத பங்குகள், மார்ச்சில் வரவேண்டிய ஆண்டு போனஸ், 90 நாள் நோட்டீஸ் பீரியடை முடிக்காமல் கிளம்பினால் கட்ட வேண்டிய தொகை என எல்லாமே இந்தப் பட்டியலில் வரும். சீனியர் பதவிகளில் ஜாயினிங் போனஸ் கேட்பதற்கான நியாயமே இதுதான். "எனக்கு 8 லட்சம் வேணும்" என்பதைவிட, "இங்கிருந்து கிளம்பினா கிராஜுவிட்டியும் போனஸும் சேர்த்து 8 லட்சம் இழக்கிறேன், அதை ஈடு பண்ண முடியுமா?" என்பது வலுவான வாதம். ஹெச்.ஆர். அதை அப்படியே மேலிடத்துக்கு எடுத்துச் சென்று அனுமதி வாங்க முடியும்.

பங்குகள்: லாட்டரியா, சம்பளமா?

சென்னைக்கு இதில் ஒரு பெரிய பாடமே இருக்கிறது. சென்னையில் 2010-ல் தொடங்கப்பட்ட ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2021 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது. வெளியீட்டு விலை 36 டாலர். முதல் நாள் முடிவில் 47 டாலரைத் தாண்டியது. 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆகியிருக்கிறார்கள், அவர்களில் சுமார் 70 பேர் 30 வயதுக்கும் குறைவானவர்கள் என்று நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம் அப்போது சொன்னார். பங்கு என்றாலே தயங்கிய நடுத்தரக் குடும்பங்களில்கூட அன்று 'ஈசாப்' என்ற வார்த்தை நுழைந்தது.

அடுத்த ஆண்டு நடந்ததை அவ்வளவாக யாரும் பேசவில்லை. உலகம் முழுக்க டெக் பங்குகள் சரிந்த 2022-ல், அந்தப் பங்கும் வெளியீட்டு விலையில் பாதிக்கும் கீழே போனது. ஆரம்பத்திலேயே சேர்ந்து, பங்குகளை மிகக் குறைந்த மதிப்பில் பெற்றவருக்கு அப்போதும் நல்ல லாபம்தான். ஆனால், விலை உச்சத்தில் இருந்தபோது அந்த மதிப்பை வைத்தே சம்பளம் பேசிச் சேர்பவருக்கு, எந்த நிறுவனமாக இருந்தாலும், இதுபோன்ற சரிவில் ஆஃபர் லெட்டரில் இருந்த எண் பாதியாகிவிடும்.

எனவே பங்குகளைப் பற்றிக் கேட்க வேண்டியவை நான்கு.

ஒன்று, இது ஆர்.எஸ்.யூ-வா, ஈசாப்பா? ஆர்.எஸ்.யூ. என்றால் குறிப்பிட்ட காலம் முடிந்ததும் பங்கு உங்கள் கணக்குக்கு வந்துவிடும். ஈசாப் என்றால், முன்பே நிர்ணயித்த விலையைக் கட்டி வாங்கும் உரிமை மட்டும்தான்.

இரண்டு, எந்த ஆண்டு எவ்வளவு கிடைக்கும்? நான்கு ஆண்டும் சமமாக 25 சதவிகிதம் தருபவர்கள் உண்டு. அமேசானில் பல ஆண்டுகளாக 5, 15, 40, 40 என்ற வரிசை பிரபலம். இப்படிப்பட்ட வரிசையில் 2 ஆண்டில் கிளம்பினால் ஐந்தில் ஒரு பங்குதான் கைக்கு வரும்.

மூன்று, வேலையை விட்டால் ஈசாப்பை வாங்க எத்தனை நாள் அவகாசம்? பல நிறுவனங்களில் 90 நாட்கள்தான். அதற்குள் பணம் கட்டாவிட்டால் உரிமை காலாவதி.

நான்கு, வரி எப்போது? பங்கை வாங்கும் நாளில் உள்ள மதிப்புக்கும் நீங்கள் கட்டும் விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமாகவே கருதப்படும். 10 ரூபாய்க்கு வாங்கும் பங்கின் மதிப்பு அன்று 500 ரூபாய் என்றால், 1,000 பங்குகளுக்கு 4.9 லட்சம் வருமானம். 30 சதவிகித வரம்பில் இருப்பவருக்கு செஸ் சேர்த்து சுமார் 1.53 லட்சம் வரி. பட்டியலாகாத நிறுவனம் என்றால் பங்கை உடனே விற்கவும் முடியாது, வரியைச் சொந்தப் பணத்தில்தான் கட்ட வேண்டும். அரசு அங்கீகாரமும் வரிச்சலுகைச் சான்றும் பெற்ற சில ஸ்டார்ட்-அப்களின் ஊழியர்கள் மட்டும் இந்த வரியைத் தள்ளிப்போட முடியும். 'நீங்க அந்த லிஸ்ட்ல இருக்கீங்களா?' என்று ஹெச்.ஆரிடம் நேரடியாகக் கேட்டுவிடலாம்.

இன்னொரு விஷயம். ஜாயினிங் போனஸ், வேரியபிள், பங்கு எல்லாம் ஒரே ஆண்டில் வந்து வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால், வரியின் மேல் 10 சதவிகித சர்சார்ஜும் சேரும்.

"எக்ஸ்பெக்டேஷன் என்ன?" இதற்கு என்ன பதில்?

முதல் போன் காலிலேயே இந்தக் கேள்வி வரும். அவசரப்பட்டு ஒரு எண்ணைச் சொன்னால், மொத்தப் பேச்சும் அந்த எண்ணைச் சுற்றியே ஓடும். முதலில் காதில் விழும் எண் நம் மதிப்பீட்டை இழுத்துப் பிடிக்கும் என்பதை டானியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1974-லேயே விளக்கினார்கள்.

"ரோல் பத்தி முழுசா பேசிட்டு சொல்றேனே... இந்த லெவலுக்கு நீங்க வெச்சிருக்கற பேண்ட் என்னன்னு சொல்ல முடியுமா?" என்று திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. சீனியர் பதவிகளில் எதிர்பார்க்கப்படும் கேள்விதான்.

பழைய சம்பளத்தைக் கேட்டால்? அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2018 முதல் நிறுவனங்கள் அதைக் கேட்கவே கூடாது. 2023 முதல் 15 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும். இந்தியாவில் அப்படிச் சட்டம் இல்லை, பே ஸ்லிப் வரை கேட்பார்கள். அதனால் பொய் சொல்வது ஆபத்து. வெரிஃபிகேஷனில் மாட்டினால் வேலையே போகும். ஆனால், உண்மையைச் சொல்லிவிட்டு, "என் பழைய சம்பளம் வேற பொறுப்புக்கானது, இந்த ரோலோட பொறுப்பை வெச்சுப் பேசலாம்" என்று சொல்ல முடியும். ஒரே நிறுவனத்தில் நீண்ட காலம் இருந்தவர்களுக்கும், குழந்தை வளர்ப்புக்காக இடைவெளி எடுத்துத் திரும்பும் பெண்களுக்கும் இது மிக முக்கியம். பழைய சம்பளத்தின் மேல் சதவிகிதம் என்று ஒப்புக்கொண்டால், அன்று குறைவாக வாங்கியது ஆயுளுக்கும் தொடரும்.

தகவல் எங்கே கிடைக்கும்?

நண்பர்கள் சொல்லும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அவர்கள் சி.டி.சி-யைச் சொல்கிறார்களா, ஃபிக்ஸடைச் சொல்கிறார்களா என்பதே தெரியாது. பட்டியலான இந்திய நிறுவனங்கள், கம்பெனிகள் சட்டம் 2013-ன்படி ஊழியர்களின் இடைநிலைச் சம்பளம் அந்த ஆண்டு எத்தனை சதவிகிதம் கூடியது என்பதை வெளியிட வேண்டும். ஆண்டறிக்கையில் இதைப் பார்க்கலாம். சேர்ந்த பிறகு வருடாவருடம் எவ்வளவு ஏறும் என்பதற்கு இது நல்ல குறிப்பு.

பன்னாட்டு நிறுவனத்தின் சென்னை மையம் என்றால், அதே பதவிக்கான கலிஃபோர்னியா விளம்பரத்தைப் பாருங்கள். டாலரை ரூபாயாக மாற்றிக் கனவு காணக் கூடாது. ஒரு லெவலுக்கும் அடுத்த லெவலுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதை மட்டும் கவனியுங்கள். காரணம், சீனியர்களுக்கு மிகப் பெரிய பேரம் பணத்தில் இல்லை, லெவலில்தான் இருக்கிறது. ஒரு லெவல் கீழே சேர்ந்தால் சம்பளம், பங்கு, அடுத்த புரமோஷன் மூன்றுமே தள்ளிப்போகும்.

பணம் கூட்ட முடியாது என்றால்?

"பேண்ட் முடிஞ்சிடுச்சு சார்" என்றால் கேட்க இன்னும் சில இருக்கின்றன. சி.டி.சி-க்குள்ளேயே நிறுவனத்தின் என்.பி.எஸ். பங்களிப்பாக பேசிக்கில் 14 சதவிகிதம் வரை ஒதுக்கச் சொல்லலாம். புதிய வரி முறையிலும் அதற்கு விலக்கு உண்டு. 21 லட்சம் பேசிக்குக்கு 2.94 லட்சம் ஒதுக்கினால், சுமார் 91,000 ரூபாய் வரி மிச்சம். நிறுவனத்துக்கு ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை. ஆனால் அந்தப் பணம் ஓய்வுக்காலச் சேமிப்பில் பூட்டப்படும், மாதச் சம்பளம் குறையும். பி.எஃப்., என்.பி.எஸ். உள்ளிட்ட நிறுவனப் பங்களிப்பு ஆண்டுக்கு 7.5 லட்சத்தைத் தாண்டினால் அதற்கு மேல் உள்ளதற்கு வரி என்பதும் நினைவிருக்கட்டும்.

முதல் ஆண்டு வேரியபிளுக்கு உத்தரவாதம், நோட்டீஸ் பீரியட் பை-அவுட், பெற்றோருக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு ஆகியவையும் பேசக்கூடியவைதான்.

கையெழுத்துக்கு முன்...

ஜாயினிங் போனஸை எத்தனை மாதத்துக்குள் கிளம்பினால் திருப்பித் தர வேண்டும் என்ற ஷரத்தைப் படியுங்கள். வரி பிடித்த பிறகு கைக்கு வந்த தொகையா, முழுத் தொகையா என்று எழுத்தில் கேளுங்கள். 'இதெல்லாம் கோர்ட்டில் நிற்காது' என்ற அலட்சியம் வேண்டாம். 3 ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அதேசமயம், விலகிய பிறகு போட்டி நிறுவனத்தில் சேரவே கூடாது என்ற நிபந்தனை, இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 27-வது பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. ரகசியத் தகவலை எடுத்துப் போவது வேறு விஷயம், அது எப்போதும் தவறுதான்.

போனில் சொன்ன எதுவும் கணக்கில் வராது. "அடுத்த சைக்கிள்ல பார்த்துக்கலாம்" என்பது லெட்டரில் இல்லாவிட்டால், அடுத்த சைக்கிளில் அந்த ஹெச்.ஆரே அங்கே இல்லாமல் போகலாம். ரிசைன் செய்வது, முழு விவரமும் உள்ள லெட்டர் கைக்கு வந்த பிறகு மட்டும்.

லெட்டர் வந்த அன்றே பதில் சொல்ல வேண்டியதில்லை. "ரெண்டு நாள் டைம் கொடுங்க, வீட்ல பேசிட்டுச் சொல்றேன்" என்று கேட்டதற்காக யாரும் ஆஃபரைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டார்கள். அந்த இரண்டு நாளில் ஒரு தாளை எடுத்து இடப்பக்கம் உறுதியான பணத்தையும், வலப்பக்கம் வந்தால் வரும் பணத்தையும் எழுதுங்கள். வாடகை, இ.எம்.ஐ., பள்ளிக் கட்டணம் மூன்றும் இடப்பக்கத்திலிருந்தே கட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால், ஹெச்.ஆரிடம் அடுத்துப் பேச வேண்டியது இடப்பக்கத்தைப் பற்றித்தான்.