விமானம் ரத்தானால் ஊர் கூடி வழக்குப் போடலாமா?

2025 டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை. மாலை 6 மணி வரை சென்னையிலிருந்து தன் உள்நாட்டு விமானம் எதுவும் கிளம்பாது என்று இண்டிகோ அறிவித்தது. டெல்லியில் நள்ளிரவு வரை கிளம்பாது. அந்த ஒரே நாளில் நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. பெட்டியும் குழந்தையுமாக நின்றவர்கள் வேறு நிறுவனத்தில் டிக்கெட் தேடினால், விலை பல மடங்கு ஏறியிருந்தது. மத்திய அரசு தலையிட்டு, 500 கிலோமீட்டருக்குள் 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டரைத் தாண்டினால் 18,000 ரூபாய் என்று கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்தது. ரயில்வே தன் பங்குக்கு 37 ரயில்களில் 116 பெட்டிகளைக் கூடுதலாகச் சேர்த்தது.

புயலோ மூடுபனியோ இதற்குக் காரணமில்லை. விமானிகளுக்கான புதிய ஓய்வு விதிகளின் இரண்டாம் கட்டம் நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருந்தது. வார ஓய்வு முதல் கட்டத்திலேயே 36 மணி நேரத்திலிருந்து 48 ஆகியிருந்தது. ஆறு முறை வரை இரவில் தரையிறங்கலாம் என்பது இப்போது இரண்டு முறையாகச் சுருங்கியது. விதி வரப்போகிறது என்பது 2024 ஜனவரியிலிருந்தே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அதற்கேற்ற ஆள்பலமும் பணி அட்டவணையும் தயாராக இல்லை. டிசம்பர் 3 முதல் 5 வரையிலான மூன்று நாட்களில் மட்டும் 2,507 விமானங்கள் ரத்தாயின, 1,852 விமானங்கள் தாமதமாயின, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கினர் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) கணக்கு.

மூன்று லட்சம் பேருக்கும் எதிராளி ஒருவர்தான், காரணமும் ஒன்றுதான். அப்படியானால் எல்லோரும் சேர்ந்து ஒரே வழக்காகப் போட்டால் என்ன? அமெரிக்காவில் இதைத்தானே செய்கிறார்கள்?

செய்கிறார்கள். ஆனால் அங்கே நடந்ததை முழுதாகப் பார்த்தால் படம் கொஞ்சம் மாறும்.

2022 கிறிஸ்துமஸ் வாரம். அமெரிக்காவைப் பனிப்புயல் தாக்கியது. மற்ற விமான நிறுவனங்கள் சில நாட்களில் எழுந்துவிட்டன; சவுத்வெஸ்ட் மட்டும் எழவில்லை. எந்த விமானி எந்த ஊரில் இருக்கிறார், அவரை எந்த விமானத்தில் ஏற்றுவது என்று கணக்குப் போடும் அதன் பழைய மென்பொருளால் அத்தனை மாற்றங்களுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. சுமார் 16,900 விமானங்கள் ரத்தாகி, 20 லட்சத்துக்கும் அதிகமானோர் தவித்தார்கள். ஆண்டு முடிவதற்குள்ளேயே, டிசம்பர் 30 அன்று, நியூ ஆர்லியன்ஸ் கூட்டாட்சி நீதிமன்றத்தில் கூட்டு வழக்கு பதிவாகிவிட்டது.

ஆனால் பயணிகளின் கைக்குப் பெரும்பணம் வந்த வழி அந்த வழக்கல்ல. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை பிடியை இறுக்கியது. டிக்கெட் பணமாகவும் ஓட்டல், டாக்ஸி, மாற்று டிக்கெட் செலவாகவும் நிறுவனம் 60 கோடி டாலருக்கு மேல் திருப்பிக் கொடுத்தது. ஓராண்டு கழித்து, 2023 டிசம்பரில், அதே துறை 14 கோடி டாலர் தண்டம் விதித்தது. அதுவரை எந்த விமான நிறுவனத்தின் மீதும் பயணிகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அவ்வளவு பெரிய தொகை விதிக்கப்பட்டதில்லை. அதில் அரசுக் கருவூலத்துக்கு ரொக்கமாகக் கட்ட வேண்டியது 3.5 கோடி. மீதியில் பெரும்பகுதி, இனிமேல் நிறுவனத்தின் தவறால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்கிறவர்களுக்குக் குறைந்தது 75 டாலர் வவுச்சர் கொடுப்பதற்கு என்று ஒதுக்கப்பட்டது.

அரசுத் துறையை நம்பினால் போதும் என்றும் இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆட்சி மாறியது, அந்த ரொக்க அபராதத்தில் பாக்கியிருந்த 1.1 கோடி டாலரை 2025 டிசம்பரில் அதே போக்குவரத்துத் துறை தள்ளுபடி செய்தது. இங்கே இண்டிகோ பயணிகள் விமான நிலையத் தரையில் படுத்துக் கிடந்த சமயம் அது.

அமெரிக்காவில் கூட்டு வழக்கு தடுக்கிவிழும் கல் ஒன்று இருக்கிறது: 1978-ம் ஆண்டின் விமானக் கட்டுப்பாடு நீக்கச் சட்டம். விமானக் கட்டணம், வழித்தடம், சேவை ஆகியவை பற்றி மாநிலச் சட்டங்கள் வாய் திறக்கக் கூடாது என்கிறது அது. ஏமாற்று வணிகம், அலட்சியம் என்று மாநிலச் சட்டத்தை வைத்துப் போடும் வழக்குகள் பெரும்பாலும் இதில் மோதி நின்றுவிடும். 1995-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வாசலை மட்டும் திறந்து வைத்தது. டிக்கெட்டோடு வரும் பயண ஒப்பந்தத்தில் நிறுவனம் தானே எழுதிக் கொடுத்த வாக்கை மீறினால், அதற்காக வழக்குப் போடலாம்.

அந்த வாசல் எவ்வளவு அகலம் என்பதற்கு டெல்டா விமான நிறுவனத்தின் வழக்கு நல்ல உதாரணம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான மென்பொருள் அப்டேட் உலகமெங்கும் 85 லட்சம் கணினிகளை முடக்கியது. டெல்டா ஐந்து நாட்களில் சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்தது. பயணிகள் இரண்டு திசையில் வழக்குப் போட்டார்கள். கோளாறுக்கு மூலகாரணமான கிரவுட்ஸ்ட்ரைக் மீது டெக்ஸாஸில் போட்ட வழக்கு 2025 ஜூனில் தள்ளுபடியானது; அதே 1978 சட்டம்தான் காரணம். டெல்டா மீது அட்லாண்டாவில் போட்ட வழக்கில், 2025 மே மாதம், பல குற்றச்சாட்டுகளை நீக்கிய நீதிபதி, ஒன்றை மட்டும் முக்கியமாக அனுமதித்தார்: விமானம் ரத்தான பிறகும் முழுப் பணத்தைத் திருப்பித் தரவில்லை என்ற ஒப்பந்த மீறல் புகார். வேறு வழக்குப் போட மாட்டேன் என்று ஒப்புக்கொண்டால்தான் ஒரு பகுதிப் பணம் தருவோம் என்று நிபந்தனை வைத்தார்கள் என்பதும் பயணிகளின் குற்றச்சாட்டு.

கவனிக்க வேண்டியது இதுதான். தப்பிப் பிழைத்தது டிக்கெட் பணம் பற்றிய புகார். அது எல்லோருக்கும் ஒரே மாதிரியான நஷ்டம், கணக்கும் எளிது. கொரோனா காலத்திலும் அதே கதை. ரத்தான விமானங்களுக்குப் பணம் தராமல் பயண வரவை (அடுத்த பயணத்துக்கான கிரெடிட்டை) மட்டும் தலையில் கட்டியதாக டெல்டா மீது தொடுத்த கூட்டு வழக்கு, 2023-ல் 2.7 கோடி டாலருக்கு மேற்பட்ட சமரசத்தில் முடிந்தது. பயணிகள் பணமாகவோ வரவாகவோ, 7 சதவீத வட்டியுடன் பெறலாம் என்று ஏற்பாடு. தவறிப்போன திருமணம், நேர்காணல், மருத்துவரின் தேதி போன்றவை இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை.

இதே கொரோனா ரீஃபண்ட் விஷயத்தில், 2022 நவம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை ஆறு நிறுவனங்களின் மீது கை வைத்தபோது, ஏர் இந்தியா மட்டும் 12.15 கோடி டாலரைப் பயணிகளுக்குத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. கூடவே 14 லட்சம் டாலர் அபராதம். திருப்பித் தந்த தொகை மட்டும் ரூபாயில் ஆயிரம் கோடிக்கு அருகே. இந்திய நிறுவனம் ஒன்றைப் பணம் கொடுக்க வைத்தது வாஷிங்டன் அலுவலகம் ஒன்று என்பது நமக்குக் கொஞ்சம் உறுத்த வேண்டிய செய்தி.

பிரிட்டன் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே விமானம் ரத்தானால் தூரத்தைப் பொறுத்து 220, 350, 520 பவுண்டு என்று இழப்பீட்டைச் சட்டமே நிர்ணயித்திருக்கிறது. பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஈஸிஜெட் நிறுவனங்களின் லட்சக்கணக்கான பயணிகள் சார்பில் ஒரே பயணி 31.9 கோடி பவுண்டு கேட்டு வழக்குப் போட்டார். வழக்குச் செலவை ஏற்றவர்கள் வெற்றித் தொகையில் 24 சதவீதம் வரை எடுத்துக்கொள்ள ஏற்பாடு. 2024-ல் லண்டன் உயர் நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. ஒவ்வொரு விமானமும் ரத்தான காரணம் வேறு, ஆகவே எல்லோருடைய நலனும் ஒன்றல்ல என்பது ஒரு காரணம். நிறுவனத்தின் இணையதளத்தில் பைசா செலவில்லாமல் கேட்டு வாங்கக்கூடிய தொகைக்கு எதற்கு நடுவில் ஒருவர் என்பது இன்னொன்று.

இனி நம் ஊருக்கு வருவோம்.

கூட்டு வழக்குக்கு இந்தியாவில் சட்டம் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 35(1)(சி) பிரிவு, ஒரே நலன் கொண்ட பலர் சார்பில் சிலர் புகார் கொடுக்க வழி செய்கிறது. நுகர்வோர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். சம்பந்தப்பட்ட அனைவருக்கும் அறிவிப்பு போக வேண்டும். நடைமுறையில் அது நாளிதழ் விளம்பரம், செலவு புகார்தாரருடையது. வென்றால் இத்தனை சதவீதம் என்று பேசிக்கொண்டு வழக்கறிஞர் வழக்கெடுக்க இங்கே அனுமதியில்லை. பார் கவுன்சில் விதி அதைத் தடுக்கிறது. அமெரிக்காவில் கூட்டு வழக்குக்கு எரிபொருளே அந்தச் சதவீதம்தான். அது நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். இங்கே மூன்று லட்சம் பேருக்காகக் கைக்காசு போட்டு அலைய யார் வருவார் என்பதுதான் கேள்வி.

சட்டத்தின் கதவும் குறுகல்தான். பெங்களூரில் 1,134 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு தாமதமானதற்காக, வீடு வாங்கிய 91 பேர் எல்லோர் சார்பிலும் வழக்குப் போட்டார்கள். 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், மற்ற அனைவருக்கும் இதே நலன்தான் என்பது புகாரில் காட்டப்படவில்லை; உங்கள் 91 பேருக்காகக் கூட்டாக நடத்திக்கொள்ளுங்கள், மற்றவர்களுக்காக வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஒரே வளாகத்தில் வீடு வாங்கியவர்களுக்கே இந்த நிலை என்றால், மூன்று நாட்களில் நூற்றுக்கணக்கான வழித்தடங்களில் சிக்கியவர்களின் நிலையை ஊகிக்கலாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சென்னை–டெல்லி விமானம், பயண நேரம் இரண்டு மணிக்கு மேல். கடைசி நேரத்தில் ரத்தானால், டிக்கெட் பணத்துக்கு மேல் டிஜிசிஏ விதிப்படி இழப்பீடு 10,000 ரூபாய், அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது. (பயண நேரம் ஒரு மணி வரை என்றால் 5,000, இரண்டு மணி வரை என்றால் 7,500.) அந்தக் கட்டணம் 5,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கிடைப்பது 5,200தான். ஆனால் அந்தப் பயணி மகள் கல்யாணத்துக்குப் போக வேண்டியவர். 18,000 கொடுத்து வேறு டிக்கெட் எடுத்தார், இரவு ஓட்டலுக்கு 4,000 கொடுத்தார். பக்கத்து இருக்கைக்காரர் பயணத்தையே விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். விதிப்படியான இழப்பீடு இருவருக்கும் ஒன்று. அதற்கு வழக்கே தேவையில்லை, விதியை அமல்படுத்தினால் போதும். வழக்கு தேவைப்படும் நஷ்டம் ஆளுக்கு ஆள் வேறு. அதற்குக் கூட்டு வழக்கு பொருந்தாது.

இண்டிகோ விவகாரத்தில் பணம் போன பாதையும் இதைத்தான் சொல்கிறது. அமைச்சகம் கெடு வைத்ததும் டிசம்பர் 7-க்குள் 610 கோடி ரூபாய் ரீஃபண்டாகப் போனது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு 10,000 ரூபாய் பயண வவுச்சர் என்று நிறுவனம் அறிவித்தது. உள்நாட்டுச் சந்தையில் பாதிக்கு மேல் கையில் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு வவுச்சர் என்பது அடுத்த வியாபாரத்துக்கான முன்பணமும்தான். 2026 ஜனவரியில் டிஜிசிஏ விதித்த அபராதம் 22.2 கோடி. அது அரசுக்குப் போகும். விமான நிலையத்தில் படுத்தவருக்கு அதில் ஒரு ரூபாயும் கிடையாது. டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் பொதுநல வழக்கும் போனது. நிலைமை இவ்வளவு மோசமாகும் வரை ஏன் விட்டீர்கள் என்று நீதிபதிகள் அரசைக் கேட்டார்கள்; இழப்பீடு விதிப்படி போய்ச் சேர வேண்டும் என்றார்கள்.

பொதுநல வழக்கைச் சாதாரணமாக எண்ணிவிடவும் வேண்டாம். இந்தியாவில் விமானப் பயணிகளுக்குக் கூட்டு வழக்கின் வேலையை உண்மையில் செய்தது அதுதான். 2020 ஊரடங்கில் ரத்தான டிக்கெட்டுகளுக்காக பிரவாசி லீகல் செல் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கப் பொருந்தும் உத்தரவைப் போட்டது. ஊரடங்குக் காலத்தில் எடுத்த டிக்கெட்டுக்குப் பணம் திரும்ப வேண்டும்; அதற்கு முன்பே எடுத்த டிக்கெட்டின் பணத்தை, பணமுடையில் இருக்கும் நிறுவனம் 2021 மார்ச் 31 வரை வரவாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதன் மதிப்பு மாதாமாதம் ஏற வேண்டும். ஒரே உத்தரவு, எல்லா நிறுவனங்களும், எல்லாப் பயணிகளும்.

இன்னொரு கருவி கையிலிருந்தும் அதிகம் எடுக்கப்படவில்லை. 2020-ல் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பாதிக்கப்பட்ட நுகர்வோர் சார்பில் தானே வழக்குப் போடலாம். பணத்தைத் திருப்பித் தரும்படி உத்தரவும் போடலாம். யாத்ரா என்ற பயண முன்பதிவு இணையதளம் கொரோனா ரீஃபண்டில் இழுத்தடித்தபோது ஆணையம் விடாமல் துரத்தியது. 2021-ல் 26 கோடியாக இருந்த பாக்கி, 2024 ஜூனில் இரண்டரைக் கோடியாகக் குறைந்தது. மிச்சமிருந்த 4,837 பயணிகளைப் போனில் கூப்பிட்டுச் சொல்வதற்காகவே ஐந்து ஆட்களை நியமிக்கும்படி ஆணையம் உத்தரவிட்டது. அமெரிக்கக் கூட்டு வழக்குச் சமரசங்களில் பணம் கேட்டு விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். ஆளைத் தேடிப் போன் போடும் இந்த ஏற்பாட்டை அங்கே கண்டால் ஆச்சரியப்படுவார்கள். மூன்று லட்சம் இண்டிகோ பயணிகளின் சார்பில் நிற்க வேண்டியது இந்த ஆணையம்தான். தனியார் கூட்டு வழக்குக்காகக் காத்திருப்பதில் பெரிய பலன் இல்லை.

பாதிக்கப்பட்டவர்கள் செய்யக்கூடியது உண்டு. ரத்துச் செய்தி வந்த எஸ்எம்எஸ், மாற்று டிக்கெட், ஓட்டல் பில் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். ஏர்சேவா தளத்திலோ 1915 நுகர்வோர் உதவி எண்ணிலோ முதலில் புகார் செய்யுங்கள். பலருக்கும் பொதுவான உரிமை மீறல் என்றால் மாவட்ட ஆட்சியரிடமும் எழுத்தில் கொடுக்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. அதிலும் தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியே ஆன்லைனில் வழக்குப் போடலாம். டிக்கெட்டுக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. தேவைக்கு மேல் அட்டவணையை இறுக்கியது, போதிய முன்தயாரிப்பு இல்லாதது, மென்பொருள் குறை, நிர்வாகக் குறை என்று டிஜிசிஏ விசாரணையே காரணங்களைச் சொல்லிவிட்டதால், "எதிர்பாராத சூழ்நிலை" என்று நிறுவனம் கை விரிப்பது எளிதல்ல. சட்டம் தரும் அவகாசம் இரண்டு ஆண்டுகள். 2025 டிசம்பரில் விமானம் ரத்தானவர்களுக்கு அது 2027 டிசம்பரில் முடிகிறது.