ரேங்க் கேட்பவர் எதைக் கேட்கிறார்?

ஐஐடி விடுதியில் புதிதாகச் சேரும் மாணவரிடம் பெயர், ஊர் விசாரித்த கையோடு வரும் கேள்வி, "ரேங்க் என்ன?" நுழைவுத் தேர்வு ரேங்க்கைச் சொன்னால் பொதுப் பிரிவா, இடஒதுக்கீடா என்பது தெரிந்துவிடும். சாதியை வாய்விட்டுக் கேட்கக் கூசுகிறவர்களுக்கு இது வசதியான குறுக்கு வழி. பதில் வந்த பிறகு சிலரிடம் பேச்சு குறைகிறது. புராஜெக்ட்டுக்குக் கூட்டாளி கிடைப்பதில்லை. 'கோட்டா' என்ற சொல் காதில் விழும் தூரத்திலேயே பேசப்படுகிறது.

இதை வெறும் மனக்குறை என்று ஒதுக்கிவிட முடியாதபடி செய்தது ஒரு கணக்கெடுப்பு. 2022-ல் ஐஐடி பம்பாயின் எஸ்சி, எஸ்டி மாணவர் பிரிவு நடத்திய ஆய்வில் 388 பேர் பதிலளித்தார்கள். சாதியை அறிவதற்காகச் சக மாணவர்கள் தங்களிடம் ரேங்க் கேட்டதாகச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். மறு ஆண்டு பிப்ரவரியில் அதே வளாகத்தில் முதலாண்டு தலித் மாணவர் ஒருவர் இறந்தார். சாதிப் பாகுபாட்டுக்கு நேரடிச் சான்று கிடைக்கவில்லை என்றது நிறுவனத்தின் விசாரணைக் குழு. குடும்பம் அதை ஏற்கவில்லை. அதன் பிறகுதான், 2023 ஜூலையில், சக மாணவரிடம் ரேங்க் கேட்பது முறையல்ல என்று அந்நிறுவனம் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆய்வு பேசியபோதே கேட்டிருக்க வேண்டும் என்பதே என் ஆற்றாமை.

ஏனென்றால், விதி அதற்கும் பத்தாண்டு முன்பே இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2012-ம் ஆண்டு சமத்துவ விதிமுறைகள், எவையெல்லாம் பாகுபாடு என்பதைச் செயல் செயலாக எழுதிவைத்திருக்கின்றன. வகுப்பில் ஒருவரின் சாதியைச் சொல்லிக்காட்டுவது, சரியாகப் படிக்காததற்குச் சாதிதான் காரணம் என்று பேசுவது, விடுதியிலும் உணவுக்கூடத்திலும் விளையாட்டுத் திடலிலும் பிரித்துவைப்பது எல்லாம் அதில் வருகின்றன. ஆய்வகத்துக்குள் அனுமதித்துவிட்டு, வேலை எதுவும் தராமல் சும்மா உட்காரவைப்பதும் பாகுபாடே என்கிறது அந்த விதி. வெளியே நின்று பார்ப்பவருக்கு இதில் குற்றமே தெரியாது. மாணவர் உள்ளேதான் இருக்கிறார், வருகைப் பதிவும் இருக்கிறது. ஆனால் கருவியைத் தொடாமலேயே அவருடைய பருவம் முடிந்துபோகிறது. இதை எழுதியவர்களுக்கு வளாகம் எப்படி இயங்குகிறது என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இந்த விதிகளை ஏட்டோடு விடாமல் நடைமுறைப்படுத்தக் கோரித்தான் சாதிப் பாகுபாடே காரணம் என்று குடும்பத்தினர் சொல்லும் வகையில் உயிரிழந்த ரோஹித் வெமுலாவின் தாயாரும் பாயல் தட்வியின் தாயாரும் 2019-ல் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். 2026 ஜனவரியில் யுஜிசி புதிய விதிமுறைகளை அறிவித்தது. அவற்றை அதே மாதம் நிறுத்திவைத்த உச்ச நீதிமன்றம், 2012 விதிகளே தொடரட்டும் என்றது.

அந்த விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் சம வாய்ப்புப் பிரிவும், பாகுபாட்டுத் தடுப்பு அதிகாரியாக மூத்த ஆசிரியர் ஒருவரும் இருக்க வேண்டும். புகார் கைக்கு வந்த 60 நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். முடிவு சரியில்லை என்றால் 90 நாட்களுக்குள் நிறுவனத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். துறைத் தலைவரின் அறையில் அழுதுவிட்டு வருவதை யாரும் புகாராகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். தேதி, இடம், சொன்ன சொற்கள், அருகில் இருந்தவர்கள் ஆகியவற்றைச் சம்பவம் நடந்த அன்றே எழுதிவையுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டிலுள்ள ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். மனுவைக் கொடுத்தால் நகலில் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள்.

பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம்தான். ஆனால் அது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். சாட்சியின்றி ஆசிரியரின் அறைக்குள் நடந்த அவமதிப்பில் காவல் துறை வழக்கு நிற்காமல் போகலாம். அதனாலேயே வழி அடைபட்டதாக எண்ணிவிட வேண்டாம். யுஜிசி விதிகளின் கீழ் அதே சம்பவத்துக்குப் புகார் கொடுக்கலாம். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம், எண் 15100. வன்கொடுமைப் புகார்களுக்கான தேசிய உதவி எண் 14566. சீனியர்களின் சீண்டலில் சாதி, மதம், நிறம், மொழி எது கலந்திருந்தாலும் அது ராகிங்தான். அதற்கான உதவி எண் 1800-180-5522 இரவும் பகலும் இயங்குகிறது. பாலியல் சீண்டலென்றால் உள் புகார்க் குழுவை மூன்று மாதங்களுக்குள் அணுகுங்கள். மனம் தாங்கவில்லை என்றால் எதற்கும் காத்திருக்காமல் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.

கல்லூரிகளுக்கும் ஒரு வார்த்தை. "புகாரே வரவில்லை, எங்கள் வளாகத்தில் பிரச்சினை இல்லை" என்று சொல்லும் நிர்வாகம், மாணவர்களைக் கேட்டுப் பார்த்ததா? ஆண்டுதோறும் கேளுங்கள். கேட்கும்போது கவனம் வேண்டும். ஒரு துறையில் பழங்குடி மாணவர் இருவர்தான் என்றால், பெயர் எழுதாத படிவம்கூட அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். துறைவாரியாகப் பிரிக்காமல் தொகுத்து வெளியிடுங்கள். பதில்களை யார் பார்ப்பார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். தேர்வு மதிப்பெண் போடும் துறை ஆசிரியர்களின் கையில் அந்தப் படிவங்கள் போகவே கூடாது.

மாணவர்களும் பெற்றோரும் இன்றே ஒன்று செய்யலாம். உங்கள் கல்லூரியில் பாகுபாட்டுத் தடுப்பு அதிகாரி யார் என்று விசாரியுங்கள். பெயர் கிடைக்கவில்லை என்றால், அரசு நிறுவனமாக இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, நியமன ஆணையின் நகலைக் கேளுங்கள். 30 நாட்களில் பதில் தந்தாக வேண்டும்.