நிறுத்தத் தெரிந்த ஒளி

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள பார்ன்ஸ் காட்சியகத்தில் ஆன்ரி மத்தீஸ் 1905-06ல் தீட்டிய ‘வாழ்வின் களிப்பு’ ஓவியம் இருக்கிறது. அதன் மஞ்சள் சில இடங்களில் வெளிறியும் சில இடங்களில் பழுப்பேறியும் விட்டது. அவர் குழைத்த காட்மியம் மஞ்சள், வேதியியலில் காட்மியம் சல்பைடு. வெளிச்சமும் ஆக்சிஜனும் சேர்ந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறமற்ற காட்மியம் சல்பேட்டாக மாற்றிவிடும். ஓவியங்களைப் பாதுகாப்பவர்களுக்கு இது பெரும் தலைவலி. இதே கோளாறை வைத்துத்தான் ஜப்பானிய வேதியியலாளர்கள் நானோ துகள்களை வேண்டிய அளவுக்குச் செதுக்கினார்கள்.

காட்மியம் சல்பைடு ஒரு குறைக்கடத்தி. அதற்குள் கட்டுண்டு கிடக்கும் எலெக்ட்ரானைக் கிளப்பிவிட ஏறத்தாழ 2.4 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். சுமார் 515 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியில் அந்த ஆற்றல் இருக்கிறது. அலைநீளம் அதைவிடக் கூடினால் ஆற்றல் போதாது. ஒளி உறிஞ்சப்படாமல் கடந்து போய்விடும்.

துகள் சில நானோமீட்டராகச் சுருங்கும்போது இந்தக் கணக்கு மாறுகிறது. 3 நானோமீட்டர் துகளில் மொத்தமே 600 அணுக்கள்கூடத் தேறாது. எலெக்ட்ரானுக்கு இடம் நெருக்கடியாகிறது. அதைக் கிளப்பக் கூடுதல் ஆற்றல் தேவைப்படுகிறது. எனவே துகள் சிறுக்கச் சிறுக்க, அது உறிஞ்சும் ஒளியின் எல்லை பச்சையிலிருந்து நீலத்துக்கும் ஊதாவுக்கும் நகர்கிறது. அலெக்ஸி எகிமோவ் கண்ணாடியிலும், லூயி புரூஸ் திரவத்திலும் 1980களின் தொடக்கத்தில் கண்டது இதைத்தான். இத்தகைய துகள்களுக்குக் குவாண்டம் புள்ளிகள் என்று பெயர். புரூஸ் கையாண்டதும் காட்மியம் சல்பைடுதான். 2023ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசை இவர்களோடு மௌங்கி பாவெண்டியும் பகிர்ந்துகொண்டார். எல்லாத் துகள்களையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வளர்க்க, மிகச் சூடான கரைப்பானில் மூலப்பொருளை ஊசியால் செலுத்தும் வழியை 1993ல் காட்டியவர் அவர். பரிசுச் செய்திகளில் வெப்ப வழி நிறையப் பேசப்பட்டது. ஒளி வழியைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதவில்லை.

ஒசாகா பல்கலைக்கழகத்தின் யோனெயாமா குழு 1996ல் வெளியிட்ட முறை இது. பல அளவுத் துகள்கள் கலந்த நீர்க்கரைசலில் ஆக்சிஜனைக் கரைத்து, ஒரே அலைநீளமுள்ள ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். ஒளியை உறிஞ்சிய துகளில் எலெக்ட்ரான் கிளம்புகிறது. அது விட்டுப்போன இடத்தில் நேர்மின் ‘துளை’ உண்டாகிறது. எலெக்ட்ரானை ஆக்சிஜன் பறித்துக்கொள்ள, துளை சல்பைடை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. மேற்பரப்பு கரைகிறது, துகள் இளைக்கிறது. இளைத்து இளைத்து, பாய்ச்சும் ஒளியை உறிஞ்ச முடியாத அளவுக்கு வந்ததும் வினை தானாகவே ஓய்ந்துவிடுகிறது. யாரும் கடிகாரம் பார்த்து விளக்கை அணைக்க வேண்டியதில்லை.

சல்லடை பெரிய மணியை மேலேயே நிறுத்திவிடும். இந்த ஒளியோ பெரியதைத் தேய்த்துச் சிறியதோடு சேர்த்துவிடுகிறது. அளவு சீராவது அதனால்தான். இறுதி அளவைத் தீர்மானிப்பது அலைநீளம். 488 நானோமீட்டர் ஒளியில் நிற்கும் துகளைவிட 458ல் நிற்கும் துகள் சிறியது. ஒரு வண்ண வடிகட்டியை மாற்றினால் துகளின் அளவு மாறுகிறது. என் பார்வையில் இந்தத் துறையின் மிக அழகான உத்தி இதுவே.

அழகு இருக்கிறது, வேகம் இல்லை. எல்லையை நெருங்க நெருங்க உறிஞ்சப்படும் ஒளி குறைவதால் கடைசிக் கட்டம் இழுத்துக்கொண்டே போகும். மேற்பரப்பில் குறைகள் இருந்தால் ஆற்றல் குறைந்த ஒளியும் உறிஞ்சப்பட்டுவிடும். எல்லை கூர்மையாக இருக்காது. இளைத்த துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் காக்கத் தனி வேதிப்பொருள் வேண்டும். போதாததற்குக் காட்மியம் நச்சு உலோகம். மின்னணுப் பொருள்களில் அது 0.01 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது விதி. இத்தகைய துகள்களைப் பயன்படுத்தும் தொலைக்காட்சித் திரைகள் இண்டியம் பாஸ்பைடு பக்கம் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

உத்தி காட்மியத்தோடு முடிந்துவிடவில்லை. அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகம் இதே தத்துவத்தை இண்டியம் காலியம் நைட்ரைடுக்குக் கொண்டுபோய், படலமாக வளர்த்த பொருளை அமிலக் கரைசலில் லேசர் ஒளியால் அரித்துக் குவாண்டம் புள்ளிகளாக்கியது. 2014ல் அதை வெளியிட்டது. நீல எல்இடி விளக்குகளில் ஒளிர்வதும் இதே பொருள்தான். இங்கே புள்ளிகள் கரைசலில் மிதப்பதில்லை, சில்லின் மேலேயே உருவாகின்றன. டன் கணக்கில் துகள் வேண்டுமென்றால் வெப்ப வழியே மலிவு. சில்லின் மேல் அளவு பிசகாமல் புள்ளிகள் வேண்டுமென்றால் ஒளி வழிதான் கைகொடுக்கும்.