நாடி பிடித்த கையில் பதிவுச் சான்றிதழ்

1901ல் அரசு மருத்துவர் மால்கம் வாட்சன் மலாயாவின் கிள்ளானுக்கு வந்தபோது மலேரியா ஊரையே படுக்கப் போட்டிருந்தது. சதுப்பு நிலத்தை வடியவிட்டார்; நகரம் பிழைத்தது. ரப்பர் தோட்டங்களுக்கு அந்த விடிவு மெதுவாகத்தான் வந்தது. தொழிலாளர் லயத்தில் காய்ச்சல் என்றால் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸர் தரும் கொயினா மருந்து. அதற்கும் அடங்காவிட்டால் திருநீறும் வேப்பிலையும். பிள்ளை பெற்றவளுக்குச் சுக்கு, மிளகு, பூண்டு இடித்த காய மருந்து. நாட்டு வைத்தியர் நாடி பிடித்து வாதமா, பித்தமா, கபமா என்று சொல்லிவிட்டால் அதுதான் முடிவு. மறுபேச்சுக்கு ஆளில்லை.

இன்று அவர் பேச்சுக்குச் சட்டமே எல்லை போட்டிருக்கிறது. நீரிழிவு, புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு உட்பட 20 நோய்களுக்கு மருந்து என்று விளம்பரம் செய்ய மலேசியாவின் 1956ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. 2016ல் வந்த 775ஆம் எண் சட்டம் வைத்தியர்களையே பதிவுக்குள் கொண்டுவந்தது. சித்தமும் ஆயுர்வேதமும் அதில் அடக்கம். போர்ட்டிக்சன் அரசு மருத்துவமனையிலேயே நெற்றியில் எண்ணெய் ஒழுகவிடும் சிரோதாரா சிகிச்சை செய்கிறார்கள். மருந்துக்கும் கட்டுப்பாடு உண்டு: பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தில் பாதரசம் கிலோவுக்கு 0.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பாதரசம் சேர்ந்த ரச மருந்துகளைப் பெரிதாகப் பேசும் சித்த மரபுக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனாலும் நியாயமான கட்டுப்பாடு என்றே சொல்வேன்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் பட்டம் பெற்ற வைத்தியர்களிடம் பேசினால் இன்சுலினைத் திட்டுகிறவர்கள் குறைவு. "ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கொண்டாங்க" என்றுதான் தொடங்குகிறார்கள். அவர்களுடைய குறை வேறு: கிளினிக்கில் பரிசோதனை எண்களைப் பார்க்கிறார்கள், ஆளைப் பார்ப்பதில்லை, தூக்கம், பசி, மலம் பற்றி யார் கேட்கிறார்கள்? கேள்வி நியாயம்தான். ஆனால் பொறுமையாக விசாரிப்பது வேறு, கொடுத்த பொடி வேலை செய்வது வேறு. பின்னதற்குச் சோதனைதான் சாட்சி.

மாறாதது நோயாளிதான். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. ஒரு வெள்ளி கட்டி அரசு கிளினிக்கில் மாத்திரை வாங்குகிறவர், கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் சிறுகுறிஞ்சான் பொடியும் வாங்குவார். டாக்டர் ஏசுவார் என்று அங்கே சொல்வதில்லை. வைத்தியர் கோபிப்பார் என்று இங்கேயும் மூச்சு விடுவதில்லை. கிளிக்லாசைடு என்ற நீரிழிவு மாத்திரையோடு அந்தப் பொடியும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கினால், மயங்கி விழுந்தவரைத் தூக்கிவரும் மகனுக்கும் எந்த மருந்தைச் சொல்வதென்று தெரியாது.